கூலியும் ஓட்டும் வெளிமாநிலத் தொழிலாளரும்: கொங்கு வட்டாரத் தொழிலாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூர் பனியன் கம்பெனி, கோவை பவுண்டரி, சோமனூர் பக்கத்து விசைத்தறி, பெருந்துறை சிப்காட், நாமக்கல் கோழிப்பண்ணை என்று கொங்கு வட்டாரத்தில் எங்கே போனாலும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் ஆட்கள் வேலையில் இருக்கிறார்கள். உள்ளூர்த் தொழிலாளிக்கு இதில் வருத்தம் உண்டு. எந்தக் கட்சியும் இதைப் பற்றித் தன்னிடம் நேராகப் பேசுவதில்லை என்ற வருத்தம் அதைவிடப் பெரிது. டீக்கடையிலும் சங்க அலுவலகத்திலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

எங்களுக்காகப் பேச ஒரு கட்சியும் இல்லைங்களே. இது சும்மா மனக்குறையா, நெசமாவே அப்படித்தானா?

நிஜம்தான். முதலாளிகள் சங்கக் கூட்டத்துக்குப் போகும் தலைவர் "ஆள் பற்றாக்குறையைத் தீர்ப்போம்" என்கிறார். மேடை ஏறினால் "வந்தாரை வாழவைக்கும் தமிழகம்" என்கிறார். இன்னொரு பக்கம் "வடக்கத்தியானை வெளியேற்று" என்று முழங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஷிப்ட் சம்பளம், பீஸ் ரேட் (உருப்படிக் கூலி), பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு), லைன் வீட்டு (வரிசைக் குடியிருப்பு) வாடகை ஆகியவை இந்த மூன்று பேச்சிலும் வருவதே இல்லை.

இதற்கு அடிப்படைக் காரணம் ஓட்டுக் கணக்கு. திருப்பூரில் உழைப்பவர்களில் பெரும் பகுதியினர் தேனி, திண்டுக்கல், மதுரை, புதுக்கோட்டை, திருவாரூர் பக்கங்களிலிருந்து வந்தவர்கள். இருபது வருடம் இங்கேயே குடியிருந்தாலும் ஓட்டு சொந்த ஊரில்தான். தேர்தலன்று பஸ் பிடித்துப் போய்விடுவார்கள். பீகாரிலிருந்து வந்தவரின் ஓட்டு பீகாரில். கம்பெனி வாசலில் ஆயிரம் பேர் நின்றாலும் அதில் தன் தொகுதி ஓட்டு எத்தனை என்று வேட்பாளருக்குத் தெரியும். ஓட்டு இல்லாத கூட்டத்துக்குப் பதில் சொல்ல யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

வடமாநில ஆளுங்க வந்ததாலதான் எங்க கூலி ஏறலையா?

பாதி சரி. ஆள் அதிகம் கிடைத்தால் கூலி கேட்கும் பலம் குறையும். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் முதலாளிக்கு மிச்சமாவது அவர்களுடைய மொழியாலோ ஊராலோ அல்ல. அவர்களை எந்தக் கணக்கில் வேலைக்கு வைக்கிறார் என்பதில்தான் மிச்சம். ஒரு உதாரணக் கணக்கு பார்க்கலாம்.

மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில் கம்பெனி ரோலில், அதாவது அதன் ஊழியர் பதிவேட்டில், ஒருவர் இருக்கிறார். கம்பெனி அவருக்காகக் கட்ட வேண்டிய பிஎஃப் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். இஎஸ்ஐ 3.25 சதவீதம், 487 ரூபாய் 50 காசு. இரண்டும் சேர்ந்து 2,287 ரூபாய் 50 காசு. 8.33 சதவீதக் குறைந்தபட்ச போனஸையும் மாதக் கணக்கில் சேர்த்தால் மூவாயிரத்தைத் தாண்டும். அதே வேலையை ரோலில் இல்லாத காண்ட்ராக்ட் ஆளிடம் வாங்கினால் இந்தத் தொகை முழுவதும் மிச்சம். நூறு பேர் இருக்கும் யூனிட்டில் பிஎஃப், இஎஸ்ஐ மட்டுமே மாதம் 2 லட்சத்து 28 ஆயிரத்துக்கு மேல்.

அடுத்தது மிகைநேரம். காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் திருப்பூரில் அது ஒன்றரை ஷிப்ட். ஷிப்டுக்கு 500 ரூபாய் என்றால் கைக்கு வருவது 750. சட்டப்படி எட்டு மணி நேர வேலைக்கு மேற்பட்ட அரை ஷிப்டுக்கு இரட்டிப்புக் கூலி, அதாவது 500 தர வேண்டும். ஆக அன்றைய கூலி 1,000 ஆகியிருக்க வேண்டும். தினமும் 250 ரூபாய் காணாமல் போகிறது. உள்ளூர் ஆளுக்கும் இது போகிறது, வெளி ஆளுக்கும் போகிறது. பிள்ளை பள்ளி விட்டு வரும் நேரம் ஆகிவிட்டதென்று ஐந்தரைக்குக் கிளம்பும் செக்கிங் அக்காவால் ஒன்றரை ஷிப்ட் நிற்க முடியாது. கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கும் இருபது வயதுப் பையனால் முடியும். "அவன் நிக்கறான், நீ நிக்கறதில்ல" என்று சூப்பர்வைசர் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

அதனால் கேட்க வேண்டியது ஒரே ரேட், ஒரே ரோல், இரட்டிப்பு ஓவர்டைம். இந்த மூன்றும் கிடைத்தால் வெளி ஆளை மலிவாக வைத்துக்கொள்ளும் வழி அடைபடும். உள்ளூர் ஆளின் கூலியையும் அதைக் காட்டி அமுக்க முடியாது.

அப்புறம் ஏன் "உள்ளூர் ஆள் கிடைக்கறதில்ல"ன்னு முதலாளிங்க சொல்றாங்க?

அதிலும் உண்மை இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.8, பீகாரில் 3.0. இங்கே பிள்ளைகள் குறைவு, பிறந்தவர்களும் காலேஜ் போகிறார்கள். பவுண்டரியில் உருக்கு ஊற்றும் இடத்துக்கும் ஃபெட்லிங் (வார்ப்பைத் தேய்த்துச் சீர்செய்யும் வேலை) தூசிக்கும் தன் மகனை அனுப்ப எந்த அப்பாவும் விரும்புவதில்லை. ஆனாலும் கூலியும் வேலை நேரமும் ஒழுங்காக உள்ள கம்பெனியில் உள்ளூர் ஆட்கள் வருடக்கணக்கில் தங்குகிறார்கள். ஆள் இல்லை என்று சொல்லும் கம்பெனியில் ஷிப்ட் ரேட் என்ன, லேட்டானால் வண்டி விடுகிறார்களா, பெண்களுக்குக் கழிப்பறை எப்படி இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள்.

உள்ளூர்க்காரங்களுக்கு 75 சதவீதம் வேலைன்னு சட்டம் போட்டா முடிஞ்சுதல்லங்க?

இந்த வாக்குறுதி 2021 திமுக தேர்தல் அறிக்கையிலேயே இருந்தது. இதில் எங்கே சிக்கும் என்பதற்கு ஹரியானாவைப் பார்த்தால் போதும். மாதம் 30,000 ரூபாய் வரை சம்பளமுள்ள தனியார் வேலைகளில் 75 சதவீதம் உள்ளூராருக்கு என்று அங்கே சட்டம் போட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 2023 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது. கர்நாடகம் 2024 ஜூலையில் இதே மாதிரி மசோதாவுக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, தொழில் நிறுவனங்களின் எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்தது.

இந்தியாவில் எங்கும் போகவும் குடியிருக்கவும் தொழில் செய்யவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு உரிமை தருகிறது. பெங்களூரிலும் மும்பையிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளைக் காப்பதும் அதே பிரிவுதான். எனவே 75 சதவீதம் என்று ஒரு வேட்பாளர் சொன்னால், "கோர்ட்டில் நிற்கிற மாதிரி எப்படி எழுதுவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது மேடைப் பேச்சு.

உள்நுழைவு அனுமதிச் சீட்டு கொண்டு வரலாம்ங்கறாங்களே?

வெளிமாநிலத்தார் உள்ளே வர முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற, நாம் தமிழர் கட்சி போன்றவை வைக்கும் கோரிக்கை இது. இந்த முறை 1873-ம் ஆண்டு வெள்ளையர் காலத்து எல்லைப்புற ஒழுங்குமுறையிலிருந்து வந்தது. அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் ஆகிய நான்கு மாநிலங்களில் பழங்குடிப் பகுதிகளின் பாதுகாப்புக்காக நடைமுறையில் இருக்கிறது. மாநில அரசு தானாக அறிவித்துக் கொண்டுவரக்கூடிய விஷயம் அல்ல. வெளிமாநிலத் தொழிலாளர் பதிவேடு வேண்டும் என்பது வேறு கோரிக்கை. அதற்குச் சட்டத்தில் ஏற்கெனவே இடம் உண்டு.

அவங்களுக்கு இங்கயே ஓட்டு வந்துட்டா எங்க ஓட்டுக்கு மதிப்பு ஏது?

ஓட்டு எங்கே என்பதைத் தீர்மானிப்பது 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். 18 வயது நிரம்பிய குடிமகன் எந்தத் தொகுதியில் வழக்கமாகக் குடியிருக்கிறாரோ அங்கே பெயர் சேர்க்கலாம். ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கலாம். வீடு சொந்தமாக இருப்பது மட்டும் தகுதி ஆகாது. தற்காலிகமாக வெளியூர் போனதால் தகுதி போய்விடாது. தீபாவளிக்கும் ஹோலிக்கும் ஊர் போய் வருகிறவர், மனைவி மக்களை பீகாரிலேயே வைத்திருக்கிறவர் பெரும்பாலும் அங்கேயே ஓட்டு வைத்திருக்கிறார். குடும்பத்தோடு வந்து பிள்ளையை இங்கே பள்ளியில் சேர்த்தவருக்கு இங்கே ஓட்டுரிமை உண்டு. மதுரைக்காரருக்கு எது விதியோ அதேதான் அவருக்கும்.

2025 ஆகஸ்டில், பீகார் ஆட்கள் 6.5 லட்சம் பேர் தமிழக வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுவதாக ப. சிதம்பரம் குற்றம் சாட்டினார். தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தமே அப்போது தொடங்கவில்லை என்று தேர்தல் ஆணையம் மறுத்தது. அந்தத் திருத்தம் 2025 நவம்பர் 4-ல் இங்கே தொடங்கியது. டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், இரட்டைப் பதிவு தவிர, முகவரி மாறியவர்களும் அதில் உண்டு. வீடு மாறிக்கொண்டே இருக்கும் தொழிலாளிதான் இதில் முதலில் அடிபடுகிறார். அடுத்தவர் ஓட்டைப் பற்றிக் கவலைப்படும் முன் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் தொகுதிப் பட்டியலில் தகுதியில்லாத பெயர் இருப்பது தெரிந்தால், அங்கே வாக்காளராக உள்ள நீங்கள் படிவம் 7-ல் ஆட்சேபணை தரலாம். மொழியைப் பார்த்து மொத்தமாக எழுதிக் கொடுக்கக் கூடாது. பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

எங்க ஓட்டே தேனியில இருக்குதுங்களே. இங்க மாத்தறது எப்படி?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். படிவம் 8 போதும். புதிய பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐப் போடாதீர்கள். அதைப் போட்டால் இரட்டைப் பதிவு விழுந்து, பிறகு இரண்டு இடத்திலும் சிக்கல்.

தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்திலோ செயலியிலோ செல்பேசி எண்ணைப் பதிவு செய்யுங்கள். வாக்காளர் அட்டை எண்ணைக் கொடுத்து, படிவம் 8-ல் "குடியிருப்பு மாற்றம்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். தொகுதிக்கு வெளியே மாறுகிறீர்கள் என்று குறியுங்கள். முகவரிச் சான்றாக ஆதார், வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புத்தகம், கேஸ் ரசீது, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் ஏற்கப்படும். கம்ப்யூட்டர் வேண்டாம் என்றால் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் தாளில் கொடுக்கலாம். அவர் யார் என்று தெரியாவிட்டால் 1950 என்ற எண்ணில் கேளுங்கள்.

சிக்கல் பெரும்பாலும் சான்றில்தான் வரும். லைன் வீட்டில் மின்கட்டண ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், வாடகை ஒப்பந்தம் எழுதியிருக்கவே மாட்டார்கள். ஆதாரில் பழைய ஊர் முகவரி. இதற்கு எளிய வழி, முதலில் ஆதார் முகவரியைக் குடும்பத்தில் ஒருவருக்காவது மாற்றிவிடுவது. எந்தச் சான்றும் இல்லையென்றால் அலுவலர் நேரில் வந்து விசாரித்துச் சேர்க்க விதி இருக்கிறது. அவர் பகலில் வருவார், நீங்கள் கம்பெனியில் இருப்பீர்கள், "ஆள் இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார். அதனால் விண்ணப்பம் போட்டதும் அவருடைய எண்ணை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். நிராகரித்தால் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தேர்தல் அறிவித்த பிறகு ஓடாதீர்கள். வேட்புமனு கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பு வரை வந்த விண்ணப்பங்களைத்தான் பெரும்பாலும் கணக்கில் எடுப்பார்கள்.

ஊரில் பெயரை எடுத்தால் ரேஷன் கார்டு போய்விடும், நிலத்துப் பட்டாவுக்குப் பாதிப்பு வரும் என்று பயந்தே பலர் மாற்றுவதில்லை. இரண்டுக்கும் வாக்காளர் பட்டியலோடு தொடர்பு இல்லை. சாமி கும்பிடவும் பங்காளி விசேஷத்துக்கும் ஊருக்குப் போவதை யாரும் தடுக்கப் போவதில்லை. உள்ளாட்சித் தேர்தலுக்கும் இதே பட்டியல்தான் அடிப்படை. எனவே மாற்றியவுடன் உங்கள் வார்டு கவுன்சிலரும் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவராகிறார். திருப்பூர் மாநகராட்சியில் 60 வார்டு. லைன் வீடுகள் நிறைந்த வார்டுகளில் சில நூறு ஓட்டுகள் முடிவையே மாற்றும்.

பங்களாதேஷ்காரங்க மேற்கு வங்கம்னு சொல்லி வர்றாங்கங்கறாங்களே?

ஆவணமின்றி வந்த சிலரைத் திருப்பூர், பல்லடம் பக்கம் போலீஸ் கைது செய்திருக்கிறது. அது வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் வரும் குற்றம். 2025 செப்டம்பர் முதல் புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் அமலில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். அறைக்குள் புகுந்து ஆதாரைக் கேட்கும் அதிகாரம் உங்களுக்கோ எனக்கோ கிடையாது. வங்காளம் பேசுகிறவரெல்லாம் வெளிநாட்டவர் என்று நினைத்தால் மேற்கு வங்கத்தின் மால்டா, முர்ஷிதாபாத்திலிருந்து வரும் இந்தியக் குடிமகன்தான் அடி வாங்குவார்.

சங்கங்க ஏனுங்க இதைப் பேசறதில்ல?

பேசுகின்றன, போதாது. 1984-ல் பஞ்சப்படிக்காக (அகவிலைப்படி) 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊர் திருப்பூர். இன்றும் ஏஐடியுசி, சிஐடியு, தொமுச, அண்ணா தொழிற்சங்கப் பேரவை போன்றவை கூடி உட்கார்ந்துதான் பனியன் கூலி ஒப்பந்தம் போடுகின்றன. 2021-ல் நான்கு ஆண்டுகளில் 32 சதவீத உயர்வு என்று ஒப்பந்தமானது. ஆனால் அந்த உயர்வு ஷிப்ட் ரேட்டுக்கு. பீஸ் ரேட்டில், காண்ட்ராக்டில் இருப்பவருக்கு அது போய்ச் சேர்வது அரிது. வெளிமாநில ஆட்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, பல சங்கங்கள் உள்ள இடத்தில் 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கமே தனியாகப் பேச்சுவார்த்தை நடத்தலாம். 200 பேர் உள்ள கம்பெனியில் 120 பேர் வெளிமாநிலத்தார் என்று வையுங்கள். உள்ளூர் 80 பேரும் ஒரே சங்கத்தில் சேர்ந்தாலும் 102 வராது. வெளிமாநிலத்தாரில் 22 பேரையாவது சேர்த்தால்தான் அந்தச் சங்கம் தனியாகப் பேச உட்கார முடியும். இந்தியில் ஒரு துண்டறிக்கை, ஹாஸ்டலில் தலைவராகப் பார்க்கப்படும் ஒரு பையன், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்று தொடங்கலாம். சந்தா குறைவாக இருக்கட்டும்.

இது இங்க மட்டும்தானா, வேற நாட்டுலயும் உண்டா?

பிரிட்டனில் பெரிதாக நடந்தது. 2004-ல் போலந்து உள்ளிட்ட கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் தங்கள் வேலைச் சந்தையை 2011 வரை கட்டுப்படுத்தி வைத்தன. தொழிற்கட்சி ஆண்ட பிரிட்டன் உடனே திறந்துவிட்டது. சிறு தொழில் நகரங்களில் கூலி, வாடகை பற்றிக் கவலை தெரிவித்தவர்களைக் கட்சி காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2016 வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் ஒன்றியத்தை விட்டு வெளியேற ஓட்டுப் போட்டார்கள். 2019 தேர்தலில் தலைமுறை தலைமுறையாகத் தொழிற்கட்சிக்கு ஓட்டுப் போட்ட சுரங்க ஊர்களே கைவிட்டுப் போயின.

ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல், வேறு நாட்டிலிருந்து அனுப்பப்படும் தொழிலாளிக்கும் அதே இடத்தில் அதே வேலைக்கு அதே ஊதியம் என்று விதியைத் திருத்தியது. அங்கே வந்தவர்கள் வேற்று நாட்டார், இங்கே நம் நாட்டுக் குடிமக்கள். இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. ஆனால் கோபம் எங்கிருந்து கிளம்புகிறது என்பது ஒன்றுதான், திருத்த வேண்டிய இடமும் கூலிச்சீட்டுதான்.

வாட்ஸ்அப்ல அடிதடி வீடியோ வந்தா என்ன பண்றதுங்க?

அனுப்பாதீர்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளரைக் கொல்கிறார்கள் என்று வேறு சம்பவங்களின் வீடியோக்களைப் போட்டுப் பரப்பினார்கள். பீகார் அரசு அனுப்பிய குழு திருப்பூருக்கும் வந்து விசாரித்தது. தமிழகப் போலீஸ் பொய்ச் செய்தி பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டது. பயந்து ரயிலேறியவர்களும் ஆள் இல்லாமல் லைன் நின்ற சிறு ஜாப் ஒர்க் யூனிட்டுகளும்தான் மிச்சம்.

வேட்பாளர் வந்தா என்ன கேக்கலாம்?

பொதுவாக "எங்களுக்கு என்ன செய்வீங்க" என்றால் பொதுவான பதில்தான் வரும். அவர் பதில் சொல்லியே ஆக வேண்டிய மாதிரி கேளுங்கள். நம் தொகுதியில் வெளிமாநிலத் தொழிலாளர் பத்துப் பேருக்கு மேல் உள்ள கம்பெனிகள் எத்தனை, எத்தனை பதிவாகியிருக்கின்றன? மாவட்டத்தில் தொழிலாளர் ஆய்வாளர் பணியிடம் எத்தனை காலி? காண்ட்ராக்ட் ஆளுக்கு பிஎஃப் இல்லாத கம்பெனிக்கு அரசு மானியத்தை நிறுத்தச் சட்டசபையில் கேட்பீர்களா? தொழிலாளர் விடுதிக்கு இடம் எங்கே?

முதல் இரண்டுக்கும் நீங்களே முன்கூட்டி விடை வாங்கி வைக்கலாம். தொழிலாளர் துறைப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கிராமப் பஞ்சாயத்தில் இருப்பவர்கள் மே 1 கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரலாம்.

அழுத்தம் கொடுத்தால் வேலைக்கு ஆகும் என்பதற்கு ஒரு சான்று. 2023 ஏப்ரல் 21-ல் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைச் சட்டசபை நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளும் அப்போது ஆண்ட திமுகவின் தொமுச உட்பட எல்லாச் சங்கங்களும் எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள்.

ஒரே வேலைக்கு ரெண்டு கூலி தர்றாங்க, பிஎஃப் பிடிச்சும் கட்டலை. எங்க போய்ச் சொல்றது?

முதலில் கையில் சான்று சேருங்கள். ஷிப்ட் கார்டு, பஞ்ச் பதிவு, சனிக்கிழமைச் சம்பளக் கவர், ஜிபே வரவு, சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் என்று எல்லாமே உதவும். சம்பளச் சீட்டு தருவது இப்போது கம்பெனியின் கடமை, கேட்டு வாங்குங்கள். யுஏஎன் எண் (பிஎஃப் உறுப்பினர் எண்) இருந்தால் அரசின் உமங் செயலியில் மாதாமாதம் பணம் விழுகிறதா என்று பாருங்கள். பிஎஃப் புகாருக்கு வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இணையக் குறைதீர்ப்பு, கூலிப் புகாருக்கு மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம், பாதுகாப்புக் குறைக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

ஊதியச் சட்டத் தொகுப்பின்படி கூலி பாக்கிக்கு மூன்று ஆண்டு வரை கோரிக்கை வைக்கலாம். பழைய 1979-ம் ஆண்டு வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் காண்ட்ராக்டர் அழைத்து வந்தவர்களுக்கு மட்டுமே பொருந்தியது. "இவன் தானா வந்தான்" என்று சொல்லித் தப்பித்தார்கள். புதிய தொழில் பாதுகாப்பு, சுகாதார, பணிநிலைமைச் சட்டத் தொகுப்பில், மாதம் 18,000 ரூபாய் வரை வாங்கும், தானாக வந்தவரும் சேர்வார். அவருக்கும் பிஎஃப், இஎஸ்ஐ உள்ளிட்ட சலுகைகள் கிடைக்கச் செய்வது நிறுவனத்தின் பொறுப்பு. தனியாள் பெயரில் புகார் போனால் மறுநாளே வேலை போகும். சங்கத்தின் லெட்டர்பேடில், உள்ளூரார் நாலு பேரும் வெளி ஆட்கள் நாலு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

ஓட்டுப் போடற நாள்ல கம்பெனி லீவு விடலைன்னா?

1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவின்படி ஓட்டுரிமை உள்ளவருக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். தினக்கூலிக்கும் இது உண்டு. மறுத்தால் 1950 என்ற எண்ணில் சொல்லுங்கள். காண்ட்ராக்டர் அன்றைய ஷிப்டைப் பிடித்தால் மேலே சொன்ன உதவி ஆணையரிடமே புகார் கொடுக்கலாம்.